பி.எஸ்.ஏ. முதல் பயாப்ஸி வரை: புராஸ்டேட் பரிசோதனை பற்றி ஆண்கள் கேட்கும் கேள்விகள்

எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்த என் 58ஆம் வயதில், வழக்கமான உடற்பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கசியும் ஒரு புரதம்) அளவு 6.8 என்று வந்தது. அதன்பின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், இரண்டு முறை பயாப்ஸி (ஊசியால் திசுத் துணுக்குகளை எடுத்துச் செய்யும் சோதனை) என்று கடந்து, இப்போது ஏழாவது ஆண்டாக மருத்துவக் கண்காணிப்பில் இருக்கிறேன். இது தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்து, பெரும்பாலும் தாழ்ந்த குரலில், பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றாகாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு உதவினால் போதும்.

புராஸ்டேட் என்பது எங்கே இருக்கிறது? கிட்னிக்குப் பக்கத்திலா?

இல்லை. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்பக்கம், சிறுநீர்க் குழாயின் தொடக்கப் பகுதியைச் சுற்றி அமைந்திருக்கும் சுரப்பி அது. ஆண்களுக்கு மட்டுமே உண்டு. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதுதான் அதன் வேலை. இளம் வயதில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள அது, வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்குப் பெருத்துக்கொண்டே போகும்.

இந்த இருப்பிடத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும். சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருப்பதால் அது பெருத்தால் சிறுநீர் தடைப்படுகிறது. மலக்குடலை ஒட்டி இருப்பதால் மருத்துவரின் விரலும், ஸ்கேன் கருவியும், சில வேளைகளில் பயாப்ஸி ஊசியும் அந்த வழியாகச் செல்கின்றன.

எனக்குச் சிறுநீர் நன்றாகத்தான் போகிறது. பிறகு எதற்கு டெஸ்ட்?

புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறப் பகுதியில், அதாவது சிறுநீர்க் குழாயிலிருந்து விலகிய இடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே ஆரம்ப நிலையில் அது சிறுநீர்ப் போக்கைத் தொடுவதே இல்லை. மறுபுறம், இரவில் பலமுறை எழுந்திருப்பது, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது போன்ற தொல்லைகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத சாதாரண வீக்கத்தால் வருபவை. தொல்லை இருக்கிறது என்பதால் புற்றுநோய் என்றோ, தொல்லை இல்லை என்பதால் நோய் இல்லை என்றோ முடிவுகட்ட முடியாது.

எந்த வயதில் பார்க்க வேண்டும்? என் அப்பாவுக்கு இருந்தது, அதனால் கேட்கிறேன்.

பொதுவாக 50 வயதை ஒட்டி மருத்துவரிடம் இந்தப் பேச்சைத் தொடங்கலாம் என்பார்கள். தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்த நோய் இருந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அப்படிப்பட்டவர்களும், ஆப்பிரிக்க வம்சாவளியினரும், பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களும் 40 அல்லது 45 வயதிலேயே பேசத் தொடங்குவது நல்லது. அந்த மரபணு மாற்றம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயையும் சினைப்பைப் புற்றுநோயையும் கொண்டுவரக்கூடியது. ஆகவே அப்பா வழியை மட்டும் விசாரித்துவிட்டு நிறுத்தாமல் அம்மா, சித்தி, பெரியம்மா, அத்தை ஆகியோரின் உடல்நல வரலாற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

எல்லோரும் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டிய பரிசோதனை என்று இதை எல்லா அமைப்புகளும் சொல்வதில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல் வெளியிட்ட பரிந்துரை, 55 முதல் 69 வயது வரையுள்ளவர்கள் மருத்துவரோடு கலந்துபேசித் தாமே முடிவெடுக்கலாம் என்றும், 70 வயதுக்கு மேல் வழக்கமான சோதனையாக இதைச் செய்ய வேண்டாம் என்றும் கூறுகிறது. ஏன் இந்தத் தயக்கம் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

பி.எஸ்.ஏ. என்பது கேன்சர் டெஸ்ட்தானே?

அல்ல. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். வெளிவந்த விந்தை நீர்க்கச் செய்வது அதன் இயல்பான வேலை. ஆரோக்கியமான சுரப்பியும் அதைச் சுரக்கிறது. அதில் மிகச் சிறிதளவு இரத்தத்தில் கசிகிறது. சுரப்பி பெருத்தாலும், அதில் தொற்று வந்தாலும், புற்றுநோய் வந்தாலும் கசிவு கூடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1986இல் இந்தச் சோதனையை முதலில் அனுமதித்தது, ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்காகத்தான். நோயைக் கண்டறிய உதவும் சோதனை என்ற அனுமதி 1994இல்தான் கிடைத்தது.

‘இந்தச் சுரப்பியில் ஏதோ ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு மட்டுமே இரத்தப் பரிசோதனை பதில் சொல்கிறது. அந்த ஏதோ ஒன்று என்னவென்று சொல்ல அதனால் இயலாது.

எனக்கு 5.2 வந்திருக்கிறது. நான்கைத் தாண்டினால் கேன்சர் என்கிறார்களே?

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 4 நானோகிராம் என்பது வசதிக்காக வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு. அதன் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் நலம் என்று உடல் பிரித்து வைத்திருக்கவில்லை. 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் பயாப்ஸியில் புற்றுநோய் தெரிகிறது. 10ஐத் தாண்டினால் அந்த வாய்ப்பு பாதிக்கு மேல் ஆகிறது. அதேபோல 4க்குக் கீழே இருப்பதும் முழு உத்தரவாதம் அல்ல. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பி.எஸ்.ஏ. 4ஐத் தாண்டாத ஆண்களுக்கும் பயாப்ஸி எடுத்துப் பார்த்தபோது அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் இருந்தது.

எனக்கு 6.8 என்று வந்த இரவு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விழித்திருந்தேன். இன்று அதை நினைக்கும்போது, அந்த இரவில் இந்த ஒரு பத்தியை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. 5.2 என்பது தீர்ப்பு அல்ல. அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குவதற்கான காரணம், அவ்வளவுதான்.

டெஸ்டுக்கு முன்னால் என்னென்ன செய்யக் கூடாது? வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

வெறும் வயிறு தேவையில்லை. விந்து வெளியேறுவதும், நெடுநேரம் சைக்கிள் ஓட்டுவதும் அளவைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும் என்பதால், முந்தைய இரண்டு நாட்கள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. சிறுநீர்த் தொற்று இருந்திருந்தாலோ, சிறுநீர்க் குழாயில் டியூப் போட்டிருந்தாலோ, அண்மையில் பயாப்ஸி எடுத்திருந்தாலோ குறைந்தது ஆறு வாரமாவது பொறுத்துப் பார்ப்பதே சரியான அளவைக் காட்டும்.

பலரும் சொல்ல மறப்பது மாத்திரைகளைப் பற்றி. வீக்கத்துக்காகக் கொடுக்கப்படும் ஃபினஸ்டெரைடு, டியூட்டஸ்டெரைடு ஆகிய மருந்துகள் ஆறு மாதம், ஓர் ஆண்டு தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குப் பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். அவர்களுக்கு 3 என்று வந்தால் உண்மையில் 6 என்றே எண்ண வேண்டும். முடி உதிர்வுக்காகச் சாப்பிடும் சிறிய அளவு ஃபினஸ்டெரைடும் இதைச் செய்யும். அது புராஸ்டேட் மருந்து என்று தெரியாமலேயே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு தடவை 6 வந்தது, இரண்டு மாதம் கழித்து 4.1 வந்தது. எந்த ரிப்போர்ட் தப்பு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். இந்த அளவு இயல்பாகவே ஏறி இறங்கும். முந்தைய பதிலில் சொன்ன காரணங்களும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான், அளவு மிக அதிகமாக இல்லாதவரை, ஒரே ஒரு முடிவை வைத்துப் பயாப்ஸிக்குப் போகாமல் சில வாரங்கள் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டாவது முறையும் கூடுதலாக இருந்தால், ‘ஃப்ரீ பி.எஸ்.ஏ.’ எனப்படும், இரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் பகுதியின் விகிதத்தையும் பார்ப்பதுண்டு. அந்த விகிதம் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு குறைவு. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வாய்ப்பு கூடுதல்.

விரலை விட்டுப் பார்ப்பார்களாமே? அதை நினைத்தே நான் போகாமல் இருக்கிறேன்.

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் சிலரே. சுற்றி வளைத்துக் கேட்டவர்கள் பலர். ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மார்புப் பக்கம் மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மருத்துவர் கையுறை அணிந்து, வழவழப்பான ஜெல் தடவி, ஒரு விரலை ஆசனவாய் வழியாக விட்டுச் சுரப்பியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பார். கல் போன்ற கடினமோ, மேடு பள்ளமோ இருக்கிறதா என்பதுதான் அவர் தேடுவது. அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அழுத்தம் தெரியும், சிறுநீர் வருவது போன்ற உணர்வு வரலாம், கடுமையான வலி இருக்காது. மூச்சை மெதுவாக வெளியே விட்டால் தசை தளரும்.

கூச்சம் இயல்பானது. அதை மறைக்க வேண்டியதில்லை. ‘எனக்குக் கூச்சமாக இருக்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்’ என்று நான் கேட்டேன், மருத்துவரும் பொறுமையாகச் சொன்னார். உங்களுக்கு ஆண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் அதையும் முன்கூட்டியே கேட்கலாம். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: விரல் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே புற்றுநோய் இருக்கக்கூடும் என்பதால், பல இடங்களில் இப்போது இரத்தப் பரிசோதனையையே முதற்படியாக வைக்கிறார்கள். விரல் சோதனைக்கு அஞ்சி இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துத் தவிர்ப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, முதலில் இரத்தப் பரிசோதனையை மட்டும் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

நேராகப் பயாப்ஸி எடுத்துவிட்டால் போயிற்று. நடுவில் எம்.ஆர்.ஐ. எதற்கு?

முன்பெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். அல்ட்ராசவுண்டு உதவியோடு சுரப்பியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி போட்டு மாதிரி எடுப்பார்கள். புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. ஆகவே ஆபத்தான கட்டி ஊசிகளுக்கு இடையே தப்பிவிடுவதும், ஒருபோதும் தொல்லை தராத சிறு புற்று தற்செயலாக அகப்படுவதும் நடந்தன.

2018இல் வெளியான ‘பிரிசிஷன்’ என்ற ஆய்வு இந்த முறையை மாற்றுவதில் பெரும் பங்கு வகித்தது. 500 ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகத்துக்குரிய இடம் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்த இடத்தைக் குறிவைத்துப் பயாப்ஸி செய்தார்கள். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முக்கியமான புற்றுநோய் அந்தக் குழுவில் 38 சதவீதத்தினருக்கும், பழைய முறையில் செய்த குழுவில் 26 சதவீதத்தினருக்கும் தெரியவந்தது. எம்.ஆர்.ஐ. குழுவில் நூற்றுக்கு 28 பேர் பயாப்ஸியே இல்லாமல் வீடு திரும்பினார்கள். ஊசி போட்டபின் சுரப்பிக்குள் தங்கும் இரத்தம் படத்தைக் குழப்பும் என்பதால், ஸ்கேன் முதலில், ஊசி பிறகு என்ற வரிசையே நல்லது. உடலில் பேஸ்மேக்கர், உலோகத் துண்டு ஏதேனும் இருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, அடைபட்ட இடத்தில் படுக்கப் பயம் இருந்தாலோ ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பை-ராட்ஸ் 3’ என்று இருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜா?

இல்லவே இல்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்த ஒருவரை எனக்குத் தெரியும். பை-ராட்ஸ் என்பது படத்தைப் பார்த்த மருத்துவர் தமக்குள்ள சந்தேகத்தின் அளவைக் குறிக்கும் எண். நோயின் நிலையைக் குறிப்பது அல்ல. 1, 2 என்றால் முக்கியமான புற்றுநோய்க்கு வாய்ப்பு குறைவு. 4, 5 என்றால் வாய்ப்பு அதிகம். 3 என்றால் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

அந்த நடு எண் வரும்போது மருத்துவர்கள் துணைக்கு எடுத்துக்கொள்வது பி.எஸ்.ஏ. அடர்த்தி. பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் கன அளவால் வகுத்தால் அது கிடைக்கும். பி.எஸ்.ஏ. 6 உள்ள ஒருவரின் சுரப்பி 60 மில்லிலிட்டர் என்றால் அடர்த்தி 0.10, அதே 6 உள்ள இன்னொருவரின் சுரப்பி 25 மில்லிலிட்டர்தான் என்றால் 0.24. முதலாமவருக்குப் பெரிய சுரப்பியே அந்த அளவுக்குக் காரணமாக இருக்கலாம். இரண்டாமவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 0.15 என்பதைப் பலரும் எல்லையாகக் கொள்கிறார்கள். கன அளவு ஸ்கேன் அறிக்கையிலேயே இருக்கும். நீங்களே வகுத்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேட்கலாம்.

ஸ்கேன் சுத்தமாக இருந்தால் பயாப்ஸி வேண்டாம்தானே?

பெரும்பாலோருக்கு வேண்டியிருக்காது. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் தெரியாத புற்றுநோயும் சிறு அளவில் உண்டு. குடும்ப வரலாறு, மேலே சொன்ன எல்லையைத் தாண்டிய அடர்த்தி, விரல் சோதனையில் தெரிந்த கடினம் போன்றவை இருந்தால் படம் சுத்தமாக இருந்தும் பயாப்ஸியைப் பரிந்துரைப்பதுண்டு. பயாப்ஸி வேண்டாம் என்று முடிவானாலும், அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும், கத்தி படக் கூடாது என்று என் மாமா சொல்கிறார்.

உங்கள் மாமா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அது சரியல்ல. ஊசி சென்ற தடத்தில் புற்றுநோய் செல்கள் ஒட்டி வளர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவான நிகழ்வுகள் மிக மிக அரிது. பரவியபின் பயாப்ஸி எடுத்தவர்களைப் பார்த்து, பயாப்ஸி எடுத்ததால்தான் பரவியது என்று ஊரார் பேசுவதிலிருந்து வந்த நம்பிக்கை இது. திசுவை எடுத்துப் பார்க்காமல் புற்றுநோயின் தீவிரத்தை அறிய இயலாது. தீவிரம் தெரியாமல் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

பயாப்ஸியை எந்த வழியாக எடுப்பார்கள்? எது நல்லது?

இரண்டு வழிகள் உண்டு. மலக்குடலுக்குள் வைக்கும் அல்ட்ராசவுண்டு கருவியின் வழியாகவே ஊசியைச் செலுத்தி, மலக்குடல் சுவரைத் துளைத்து எடுப்பது ஒன்று. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோலின் வழியாக எடுப்பது மற்றொன்று. இதிலும் அல்ட்ராசவுண்டு கருவி மலக்குடலில்தான் இருக்கும், ஆனால் ஊசி மலக்குடலைத் தொடாது.

மலக்குடலில் எப்போதும் கிருமிகள் இருப்பதால் முதல் வழியில் தொற்று ஏற்பட்டு இரத்தத்தில் கலக்கும் அபாயம் கூடுதல். அதற்காகவே முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். அந்த மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவருவதால் இரண்டாவது வழிக்கு மாறும் மருத்துவமனைகளும் பெருகிவருகின்றன. இரண்டு வசதியும் இருக்கும் இடத்தில் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். முதல் வழி மட்டுமே கிடைக்கும் இடத்தில் அதைச் சொல்லிப் பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. தொற்றைத் தடுக்க என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டுத் தெளிவுபெறலாம்.

உண்மையைச் சொல்லுங்கள், வலிக்குமா?

எனக்கு முதல் பயாப்ஸி மலக்குடல் வழியாகவும், இரண்டாவது தோல் வழியாகவும் நடந்தது. முதலாவதில் எனக்கு மிகவும் அசௌகரியமாக இருந்தது ஊசி அல்ல, கருவியை உள்ளே வைத்த அந்த நொடிதான். பிறகு மரத்துப்போக ஊசி போட்டார்கள், சுருக்கென்று இருந்தது. அதன்பின் ஒவ்வொரு மாதிரி எடுக்கும்போதும் ஸ்டேப்லர் அடிப்பது போல் ஒரு ‘டப்’ சத்தமும், உள்ளே யாரோ சுண்டிவிட்டது போன்ற அதிர்வும் வந்தன. வலியைவிட அந்தச் சத்தம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு, சத்தம் வரும்முன் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மருத்துவர் ஒவ்வொரு முறையும் எண்ணிச் சொன்னார். அது பெரிய உதவியாக இருந்தது.

இரண்டாவது முறை, தோலில் மரப்பு ஊசி போட்டபோது எரிச்சல் கடுமையாக இருந்தது; அதன்பின் ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முறையும் இருபது நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பினேன். ஆனால் எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு அன்று வந்த ஒருவர் வலி தாங்காமல் பாதியில் நிறுத்தச் சொன்னார். மேலும் மருந்து கொடுத்தபின் தொடர்ந்தார்கள். வலித்தால் சொல்ல வேண்டும், நிறுத்தச் சொல்லவும் உரிமை உண்டு. மிகுந்த அச்சம் உள்ளவர்கள் மயக்க மருந்தோடு செய்ய முடியுமா என்று முன்பே கேட்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

போவதற்கு முன் டாக்டரிடம் எதைச் சொல்ல மறக்கக் கூடாது?

இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முதலில் சொல்லுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. இதய மருத்துவரும் பயாப்ஸி எடுக்கும் மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டியது அது. எந்த மருந்துக்கு ஒவ்வாமை, அண்மையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா, இப்போது சிறுநீர் எரிச்சலோ காய்ச்சலோ உண்டா, சர்க்கரை நோய் உண்டா, இதயத்தில் செயற்கை வால்வு உண்டா என்பவற்றையும் சொல்லுங்கள். எழுதி எடுத்துப்போவது நல்லது, பதற்றத்தில் மறந்துவிடும்.

பயாப்ஸி எடுத்துப் பத்து நாள் ஆகிறது. விந்து பழுப்பு நிறமாக வருகிறது. பயமாக இருக்கிறது.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் திகைத்துப்போகிறார்கள். சிறுநீரில் இரத்தம் சில நாட்களும், மலத்தில் ஓரிரு நாட்களும், விந்தில் சில வாரங்களும் தெரிவது வழக்கம். விந்தில் முதலில் சிவப்பாகவும் பிறகு துருப்பிடித்த நிறத்திலும் தெரிந்து மெல்ல மறையும். அது தானாகவே சரியாகிவிடும். துணைவிக்கு அதனால் தீங்கு இல்லை என்றாலும், முன்பே அவரிடம் சொல்லிவைப்பது இருவருக்கும் நல்லது.

ஆனால் மூன்று நிலைகளில் காத்திருக்கவே கூடாது: 38 டிகிரி செல்சியஸை எட்டும் காய்ச்சல் அல்லது நடுக்கம், சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடைத்துக்கொள்வது, கட்டி கட்டியாக இரத்தம் வருவது. காய்ச்சல் நள்ளிரவில் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராசிட்டமால் போட்டுப் படுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். புராஸ்டேட் பயாப்ஸி எடுத்திருக்கிறேன் என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

‘அந்த விஷயத்தில்’ பாதிப்பு வருமா?

பயாப்ஸிக்குப் பின் சிலருக்கு விறைப்புத் தன்மை குறைந்து, பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. அச்சமும் மனக்கவலையும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. நிரந்தரமான பாதிப்பைப் பற்றி ஆண்கள் கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றின் பின்விளைவுகள். பயாப்ஸியின் பின்விளைவுகள் அல்ல.

ரிப்போர்ட் வரும்வரை தூக்கமே இல்லை. மனைவியிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். நான் முதல் முறை சொல்லவில்லை. இரண்டு வாரம் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன்; காரணம் தெரியாமல் அவர் தம்மீதே குறையைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் தெரிந்தபோது, நோயைவிட நான் மறைத்ததுதான் அவரை அதிகம் புண்படுத்தியது. இரண்டாவது முறை முடிவு கேட்கப் போனபோது அவரும் கூட வந்து, நான் கேட்க மறந்த இரண்டு கேள்விகளை அவர்தான் கேட்டார். ‘கேன்சர்’ என்ற சொல் காதில் விழுந்தபின் மருத்துவர் சொல்லும் எதுவும் மனத்தில் ஏறாது; இன்னொருவரின் காதும் அங்கே வேண்டும்.

‘கேன்சர் இல்லை’ என்று வந்துவிட்டது. இனி கவலை இல்லையே?

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எடுத்துப் பார்த்த துணுக்குகளில் இல்லை என்பதே அதன் பொருள். என் முதல் பயாப்ஸியும் அப்படித்தான் வந்தது. ஒன்றரை ஆண்டில் பி.எஸ்.ஏ. மேலும் ஏறியதால் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்து, முன்பு தெளிவில்லாமல் இருந்த ஓரிடத்தைக் குறிவைத்துப் பயாப்ஸி எடுத்தபோதுதான் புற்றுநோய் தெரியவந்தது. ஆகவே எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும், எவ்வளவு ஏறினால் மறுபடி யோசிக்க வேண்டும் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

க்ளீசன் 6 என்று போட்டிருக்கிறது. பத்துக்கு ஆறு என்றால் பாதிக்கு மேல் முற்றிவிட்டதா?

இந்த எண்முறையால் கலங்காதவர்கள் அரிது. டொனால்ட் க்ளீசன் என்ற நோயியல் மருத்துவர் 1966இல் வகுத்த முறை இது. நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் அமைப்புக்கு எண் கொடுத்து, பொதுவாக மிகுதியாகத் தெரியும் அமைப்பின் எண்ணோடு அடுத்ததன் எண்ணைக் கூட்டுகிறார்கள். இன்றைய வழக்கத்தில் புற்றுநோய் என்று எழுதப்படும் மிகக் குறைந்த எண்ணே 3 என்பதால், 3+3=6 என்பதுதான் அளவுகோலின் தொடக்கம்; நடுப்பகுதி அல்ல. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2014இல் நோயியல் வல்லுநர்கள் 1 முதல் 5 வரையிலான தொகுதிகளை வகுத்தார்கள். க்ளீசன் 6 என்பது தொகுதி 1.

7 என்று வந்தால் கூட்டுத்தொகையோடு நிற்காமல் வரிசையையும் பாருங்கள். 3+4 என்பது தொகுதி 2. 4+3 என்பது தொகுதி 3, முந்தையதைவிடத் தீவிரமானது. 8 என்பது தொகுதி 4. 9, 10 ஆகியவை தொகுதி 5. இதுவும் ஸ்டேஜ் அல்ல. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை வேறு ஸ்கேன்கள்தான் சொல்லும். க்ளீசன் 6 உள்ளவர்களுக்கு அவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

கேன்சர் என்று தெரிந்தும் சும்மா இருக்கச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம்?

என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கும் கோபம் வந்தது. சும்மா இருப்பது அல்ல அது. குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ., அவ்வப்போது எம்.ஆர்.ஐ., தேவைப்படும்போது மறுபடி பயாப்ஸி என்று நோயைக் கண்ணில் வைத்திருந்து, அது மாறும் அறிகுறி தெரிந்தால் உடனே சிகிச்சைக்குப் போவது. சிகிச்சையின் விலையாக வரக்கூடிய சிறுநீர்க் கசிவையும் விறைப்புக் குறைவையும், தேவை வரும்வரையோ முழுவதுமாகவோ தவிர்க்க முடிகிறது.

பிரிட்டனில் நடந்த ‘புரொடெக்ட்’ ஆய்வு இதற்கு வலுவான சான்று. சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று குழுக்களாகப் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். 15 ஆண்டுகளுக்குப் பின் 2023இல் வெளியான முடிவின்படி, எந்தக் குழுவில் இருந்தாலும் ஏறத்தாழ 97 சதவீதத்தினர் இந்த நோயால் இறக்கவில்லை. மறைக்காமல் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு: கண்காணிப்புக் குழுவில் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்கள் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 5 சதவீதம். அந்த ஆய்வின் கண்காணிப்பு இன்றுள்ள அளவுக்கு இறுக்கமானது அல்ல என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். தொகுதி 4, 5 உள்ளவர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

அப்படியென்றால் டெஸ்டே எடுக்காமல் இருந்தால் நிம்மதிதானே?

வயது கேள்வியில் நான் ஒத்திவைத்த தயக்கம் இதுதான். பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்கியபின், ஒருபோதும் தொல்லை தந்திருக்காத எத்தனையோ சிறு புற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டு, தேவையில்லாத அறுவைகள் நடந்தன. அதே நேரம், ஐரோப்பாவில் 1,62,000 ஆண்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் நேரும் மரணம் 13 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. 2022இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,97,000 ஆண்கள் இந்த நோயால் இறந்ததாகக் கணக்கிடப்பட்டிருப்பதையும் மறக்க இயலாது.

இரண்டு பக்கமும் உண்மை. என் கருத்து இது: எம்.ஆர்.ஐ.யும் கண்காணிப்பும் கிடைக்கும் இடத்தில் சோதனையின் தீமை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. முடிவு கூடுதலாக வந்தால் அடுத்த படி என்ன, அதற்கு நான் சம்மதிப்பேனா என்று இரத்தம் கொடுக்கும் முன்பே யோசித்து வைத்திருப்பவருக்கு எண்ணைப் பார்த்துப் பதறும் நிலை வராது.

அப்பாவுக்கு 78 வயது, இதய நோயும் உண்டு. அவரிடம் சொல்லாமல் மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். அந்த வயதில், வேறு நோய்களோடு இருப்பவருக்கு, மெல்ல வளரும் புற்று ஒன்றைக் கண்டுபிடிப்பதால் நன்மையைவிடத் தொல்லையே மிகுதியாக இருக்கும். முடிவு கூடுதலாக வந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்? எதற்கென்று தெரியாத ஒரு பயாப்ஸிக்கு அவரை எப்படி அழைத்துப் போவீர்கள்? எலும்பு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, சிறுநீர் அடைப்பு போன்ற தொல்லைகள் இருந்தால் நிலைமை வேறு. அப்போது அது நோயின் காரணத்தைத் தேடும் பரிசோதனை, மருத்துவரே சொல்வார். எதுவாக இருந்தாலும் முதலில் அப்பாவின் அருகே உட்கார்ந்து, உங்களுக்கு இதைப் பார்க்க விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள்.